இல்லமே முதற் பள்ளி

உபாசக உபாசிகைகளே! மக்களைத் தீமையினின்று விலக்கல், நன்மையில் நிறுத்தல், தொழில் பயிற்றல் முதலிய ஐந்தும் பெற்றோர் கடனெனச் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் ஓதினார்.

2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின், நம் வயலின் தந்தையர் பலர் விடியல் இரயிலில் பெங்களூர் சென்று இரவிலே மீள்கின்றனர். பொழுது சுருங்கியவிடத்தே திட்டம் இன்றியமையாதது.

ஆகலின் திங்களுக்கொரு சீலமாக, ஐந்து திங்களில் பஞ்சசீலம் பயிற்றுக. இரவுணவுக்கு முன் கால்மணி நேரம் போதும். இராகுலனுக்குப் பகவன் போதித்தவாறு, செய்யுமுன்னும் செய்கையிலும் செய்தபின்னும் சிந்தித்தோமா என்று பௌர்ணமிதோறும் குடும்பத்தார் அனைவரும் ஆராய்க.

பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். நான் ஆலைத் தொழிலாளியாயிருந்தபோது ஒருநாள் ஐந்தாஞ் சீலம் ஓதுவித்தேன். என் வாயிலோ சாராயம் நாறிற்று. "அப்பா, இது உங்களுக்கு இல்லையா?" என்றான் மகன். அன்றே குடியை விட்டேன்.

கற்பிப்போர் ஒழுகினாலன்றிக் கற்போர் ஒழுகார். மங்களமுண்டாகுக!