எல்லை தாண்டிய புள்ளி

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

வரைபடம் என்பது எண்களின் முகம் எனலாம். பக்கம் பக்கமாகப் படித்தாலும் விளங்காத பட்டியல், வரைபடத்தில் ஏறியதும் ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. ஆனால் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அடங்காத புள்ளி ஒன்று வந்தால் என்ன செய்வது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் அண்டை மாவட்டமான விழுப்புரத்தைச் சேர்ந்த மயிலத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. செங்குத்து அச்சில் 20 செ.மீ. வரை மட்டுமே குறித்து வைத்தவருக்கு இப்புள்ளி தாளுக்கு வெளியே போய்விடும். கையால் வரைபவர் திகைத்து நின்று அளவுத்திட்டத்தை மாற்றுவார். கணிப்பொறி திகைப்பதில்லை. நாம் இட்ட ஆணைப்படி மூன்றில் ஒன்றைச் செய்துவிடுகிறது.

முதலாவது, விலக்குதல். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 நூலகத்தில் ‘ஒய்லிம்’ என்ற ஆணையால் எல்லை வகுத்தால், வெளியேயுள்ள மதிப்புகள் இல்லாதவையாகக் கொள்ளப்படும். ஓர் எச்சரிக்கை வரி மட்டும் தோன்றும். இரண்டாவது, ஒடுக்குதல். ‘ஸ்க்விஷ்’ எனப்படும் இம்முறையில் 51 என்பது எல்லைக்கோட்டிலேயே 20 ஆக அமர்ந்துவிடும். மூன்றாவது, மறைத்தல். அதே நூலகத்தின் ‘கோஆர்ட் கார்ட்டீசியன்’ ஆணையும், பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகத்திலுள்ள ‘செட் ஒய்லிம்’ ஆணையும் இவ்வகை. எண்கள் அப்படியே இருக்கும். பார்வைச் சட்டம் மட்டுமே சுருங்கும்.

வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு நாட்களின் மழை 2, 4, 0, 6 செ.மீ. எனவும், ஐந்தாம் நாள் 51 செ.மீ. எனவும் கொள்வோம். உண்மைச் சராசரி 12.6. புள்ளியை விலக்கியபின் சராசரி கண்டால் 3. ஒடுக்கியபின் கண்டால் 6.4. ஒரே மழைக்கு மூன்று சராசரிகள்! மறைத்தலில் சராசரிக் கோடு 12.6 என்ற சரியான இடத்தில் நிற்கும். ஆனால் அது ஏன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது பார்ப்பவருக்குப் புலப்படாது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. கல்வராயன் மலையின் ஓடைகளுக்குக் குறுக்கே பாலம் அமைக்க வேண்டுமானால் எந்த மழையை எண்ணிக் கட்டுவது? சராசரி நாளின் மழை பாலத்தை மூழ்கடிப்பதில்லை. எல்லை தாண்டிய அந்த ஒரு நாள் மழைதான் மூழ்கடிக்கிறது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை மலையிலிருந்து இறக்க முடியாமற் போவதும் அன்றுதான். அந்த நாளை வரைபடத்திலிருந்து நீக்கினால், பாலத்தின் உயரத்தையும் குறைத்தவர்களாவோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரைபடம் அறியாத என் தந்தையார் மழையை ‘உழவு மழை’ என்றும், ‘ஏரி கோடி போன மழை’ என்றும் அளப்பார். அவருடைய அளவுகோலில் மேல் எல்லை கிடையாது. ஏரி எந்தெந்த ஆண்டு கோடி போனது என்பதைத்தான் அவர் முதலில் சொல்வார்.

அப்படியானால் எல்லை தாண்டிய புள்ளியெல்லாம் உண்மையா? அதுவும் இல்லை. 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் நிலையத்தில் 52.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை கருவியைச் சோதித்து, அது 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதைக் கண்டறிந்தது. அங்கே புள்ளி விசாரிக்கப்பட்டது, விசாரணையின்றி ஒதுக்கப்படவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களே, எல்லை வகுக்குமுன் மீச்சிறு, மீப்பெரு மதிப்புகளைப் பாருங்கள். சந்தேகம் எழுந்தால் கருவியையும் பதிவேட்டையும் சோதியுங்கள். சராசரியை எப்போதும் முழுத் தரவிலிருந்தே காணுங்கள். மடக்கை அளவுத்திட்டத்தை நாடுவோர், மழையில்லா நாளின் 0-க்கு மடக்கை இல்லை என்பதை நினைவிற் கொள்க. அச்சைச் சுருக்கியே ஆகவேண்டுமென்றால், மேல் விளிம்பில் ஓர் அம்புக்குறியிட்டு, அருகில் ‘51’ என்று எழுதுங்கள். தாளில் இடமில்லாத புள்ளிக்கும் அந்த ஓர் எண்ணளவு இடம் உண்டு.