நான்கு பக்கம் அளந்தால் நிலம் அளந்ததாகுமா?

காவிரி கடலைச் சேரும் முன்பே அரசலாறாகவும் நாட்டாறாகவும் திருமலைராஜனாறாகவும் கிளைத்து ஓடும் காரைக்கால் பிரதேசத்தில், நிலம் வாங்குகிறவரும் பாகம் பிரிக்கிறவரும் புதிதாகப் பண்ணை போட முற்படுகிறவரும், நீளத்தையும் அகலத்தையும் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டால் பூமியின் லட்சணம் முழுவதும் விளங்கிவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டையும் பெருக்கினால் விஸ்தீரணம் கிடைத்துவிடும் என்பது இத்தகைய நம்பிக்கைகளுள் மிகப் பழையது. நான்கு பக்கமும் நூறு நூறு அடியாக உள்ள வயல் ஒன்றைப் பார்ப்போம். மூலைகள் சதுரமாக இருந்தால் அது 10,000 சதுர அடி. நம் 144 சதுர அடிக் குழியில் 69 குழிக்குச் சற்று மேல். அதே பக்கங்களோடு வயல் ஒருபுறமாகச் சாய்ந்து, எதிரெதிர் மூலைகளுக்கு இடையே ஒரு குறுக்களவும் 100 அடியாகவே நிற்குமானால், உண்மைப் பரப்பு 8,660 சதுர அடி, அதாவது 60 குழிதான். கயிற்றுக் கணக்கு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் சொல்லும். இந்த முறையின் பிழை எப்போதும் கூடுதலாகவே வருமேயன்றிக் குறைவாக வராது. விற்கிறவர்கள் இதில் பிரியம் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. 628-ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் இதனை ஸ்தூலக் கணக்கு என்று ஒதுக்கிவைத்தார். சர்வேயர் வந்ததும் வயலின் குறுக்கே சங்கிலி பிடித்து, நிலத்தை முக்கோணங்களாக்கி, அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் வளைவு நெளிவுகளுக்குச் செங்குத்தாக அளப்பது இதற்காகவே. வரப்பைச் சுற்றி நடக்காமல் நடுவயலில் இறங்குகிறாரே என்று அவரைக் கோபிப்பவர்களும் உண்டு.

குழி என்றால் எங்கும் ஒரே குழி என்பதும் பிரமை. தஞ்சைச் சீமையில் 12 அடிக் கோலுக்கு 144 சதுர அடியாக இருப்பது, புதுச்சேரிப் பக்கம் 24 அடிக் கோலுக்கு 576 சதுர அடியாகிவிடுகிறது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதும் வாய்க்கணக்கே. 100 குழி கொண்ட மா 14,400 சதுர அடியாகையால் மூன்று மாவுக்கு 43,200 வரும், ஏக்கருக்கோ 43,560 வேண்டும். இரண்டரைக் குழி துண்டு விழுகிறது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராதலால், இங்குள்ள ஆவணங்களில் ஏக்கர் சென்டுக்குப் பதில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றே விஸ்தீரணம் எழுதப்படுகிறது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு மா நிலம் 00-13-38 என்று காணும். ஆரையும் சென்டையும் ஒன்றாகக் கொள்கிறவர் பாதிக்கு மேல் இழந்துவிடுவார். பழைய கதாஸ்தர் (பிரெஞ்சு நில அளவைப் பதிவேடு) எண்ணையும் மறு அளவை எண்ணையும் ஒத்துப்பார்த்த பிறகே கிரயம் பேசுவது விவேகம்.

கைப்பேசியை ஏந்தி வரப்பைச் சுற்றி வந்தால் போதும் என்பது புதிய நம்பிக்கை. அக்கருவி சாதாரணமாகவே சில மீட்டர் பிசகும். 120 அடிச் சதுரமான ஒரு மாவில் ஒரு பக்கம் பத்தடி பிசகினாலே எட்டுக் குழி ஏறியோ இறங்கியோ விடும். உத்தேசமாகப் பார்க்கலாம், எல்லைக்கல் நட உதவாது.

எல்லாவற்றிலும் கேடு தருவது, டெல்டா பூமி தாம்பாளம்போல் சமமானது, அதற்கு மட்டம் பார்ப்பது வீண் செலவு என்ற எண்ணம். மேட்டு நிலத்தில் ஓரடி ஏற்றத்தாழ்வை நீரே சமாளித்து வழிந்துவிடும். சரிவே அரிதான கடைமடையில் நான்கு அங்குலம்கூடப் பெரிய விஷயம். ஒரே வயலில் ஒரு மூலையில் நாற்று மூழ்கி அழுக, எதிர்மூலையில் நீர் ஏறாமல் களை மண்டுவது இதனால்தான். உழுது நீர் கட்டினால் மேடு பள்ளம் தெரியுமே என்பார்கள். அந்த ஒரு வயலுக்குள் தெரியும். வாய்க்கால் மடைக்கும் வயலுக்கும், வயலுக்கும் வடிகாலுக்கும் உள்ள உயர வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசத்தைக் காணப் பெரிய கருவியும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தெளிவான நீண்ட குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரு முளைகளில் இரு முனைகளையும் பிடித்து, நீர் நின்ற இடத்தில் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அங்குலக்கோலால் அளந்தால் போதும்.

கிணறும் ஆழ்குழாயும் ஈசான மூலையில்தான் அமைய வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே கடல் உள்ள இந்த ஊரில், சில நூறடி தள்ளி மூலையை மாற்றுவதால் நீரின் சுபாவம் மாறிவிடாது. மாற்றுவன ஆழமும் இறைப்பும். கடலோர மணற்பாங்கில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால், நிலத்தடி நீர்மட்டம் ஓரடி இறங்கினால் கீழே உப்பு ஏறத்தாழ 40 அடி மேலேறக்கூடும் என்பது விஞ்ஞானிகள் வகுத்த கணக்கு. ஆழமாகப் போனால் நல்ல நீர் என்பது உள்நாட்டுக்குப் பொருந்தலாம்; இங்கே மேலோட்டமான கிணறும் பள்ளத்தில் வெட்டிய குட்டையுமே பத்திரமானவை.

பண்ணைக்குப் படம் போடுகிறவர்கள் வீடு, களம், பாதை, தென்னை வரிசை என்று தொடங்கி, மிஞ்சிய இடத்தில் வடிகாலைத் திணிக்கிறார்கள். கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் ஆற்றுநீர் தயங்கி நிற்கும் இப்பிரதேசத்தில் அது தலைகீழ் வரிசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு நிலத்துக்குப் போய், எந்த மூலையில் நீர் கடைசிவரை நிற்கிறது என்று பார்த்து முளை அடித்துவிட்டு வாருங்கள். வடிகாலுக்குரிய முதல் கோட்டை அங்கிருந்து வரையுங்கள்.