கண்டது மட்டுமா அறிவு?
(சைவசித்தாந்த அளவைகள் பற்றிய ஒரு சிறு நோக்கு)

அறநெறிப் பாடசாலையிலே ஒரு நாள் பதினைந்து வயது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கண்ணாலே காணாத ஒன்றை உண்டென்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் முதலில் எடுத்து மறுப்பது இதே கேள்வியை எழுப்பும் உலகாயதரைத்தான்.

காட்சி ஒன்றே அளவை என்பது உலகாயதர் கொள்கை. அளவை என்றால் பொருளை அளந்தறியும் கருவி. இங்கிலாந்திலே 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோன் லொக் என்பவரும், பிறக்கும்போது மனம் எழுதாத தாள் போன்றது, அதிலே எழுதுவது அனுபவமே என்றார். அவர் உலகாயதர் அல்லர், கடவுளை நம்பியவர். ஆயினும் அறிவின் வாயில் எது என்ற அளவிலே இரு சாராரும் அருகருகே நிற்கின்றனர்.

அருணந்தியார் அளவைகளை ஆறென்பாரும் பத்தென்பாரும் உளர் எனக் காட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றினுள் அடங்கும் என்பார். கருதல் எதுவென எமது கடற்றொழிலாளருக்கு விளக்கத் தேவையில்லை. தூரத்திலே கடற்பறவைகள் வட்டமிட்டு நீரில் விழுவதைக் கண்டால் கீழே சூடைக் கூட்டம் உண்டென்று வள்ளத்தைத் திருப்புகிறார்கள். மீனை எவரும் காணவில்லை.

காட்சியும் எப்பொழுதும் உண்மை சொல்வதில்லை. வெயிலிலே கரையில் மின்னும் இப்பியை வெள்ளியென்று எடுத்து ஏமாறுவது நூல்களிலே திரிவுக் காட்சிக்குப் பழைய உதாரணம். எமது பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கண் காட்டியதைக் கண்ணே திருத்திக்கொள்வதில்லை. திருத்துவது வேறொன்று.

"உரையும் காதால்தானே வருகிறது, அதுவும் புலன்தானே?" என்று அந்த மாணவன் விடாமல் கேட்டான். நல்ல கேள்வி. சிங்களம் தெரியாதவர் பேருந்திலே சிங்களப் பேச்சைக் கேட்கும்போது ஒலி முழுவதும் காதுக்கு வருகிறது; பொருள் வரவில்லை. காது கொடுப்பது ஒலி மட்டுமே. கண் கேட்பதில்லை, காது பார்ப்பதில்லை. "மணியோசை கேட்டேன், தீபமும் கண்டேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவன் யார்? ஐம்புலனும் தனித்தனியே அறிவனவற்றை ஒருங்கே அறிவது உயிர் என்பது சித்தாந்தம். துன்பத்தையும் இன்பத்தையும் எந்தப் புலன் காட்டியது? இதனையே தன்வேதனைக் காட்சி என வேறாக வைத்தனர்.

ஆனால் புலன்கள் வேண்டாம் என்று சித்தாந்தம் சொல்லவில்லை. கருவிகள் கூடாதவிடத்து உயிர் ஒன்றையும் அறியாது கிடக்கும் என்பதே அதன் கருத்து. 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிறவியிலே பார்வையின்றி இருந்து சிகிச்சையாற் பார்வை பெற்ற ஐந்து இந்தியப் பிள்ளைகள், கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் மட்டும் கண்டு அடையாளம் சொல்ல முதலில் இயலாதிருந்தனர். சில நாட்களிலே கற்றுக்கொண்டனர். இவ்விடத்திலே லொக்கின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒளித்து என்ன பயன்?

உரையளவைக்கு எமது மாவட்டத்திலேயே பெரிய சான்று உண்டு. போர்த்துக்கேயர் காலத்திலே திருக்கேதீச்சரம் அழிந்து, மாதோட்டம் காடாயிற்று. கோயிலைக் கண்ணாற் கண்டவர் பரம்பரை முழுவதும் மறைந்தது. எஞ்சியது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களே. அவை மாதோட்டத்தையும் பாலாவிக் கரையையும் பெயர் சொல்லிக் குறித்தன. அவ்வுரையைக் கொண்டு 1872இல் ஆறுமுக நாவலர் இத்தலத்தைப் புதுப்பிக்கும்படி சைவமக்களை வேண்டினார். 1893இல் சைவப் பெருமக்கள் அந்நிலத்தை வாங்கினர். காடு வெட்டித் தேடியபோது பழைய கோயிலின் இடம் வெளிப்பட்டது. உரை முன் சென்றது, கருதல் இடம் குறித்தது, காட்சி கடைசியில் வந்தது. காட்சியையே முதலிற் கேட்டிருந்தால் மண்வெட்டியை எடுத்திருப்பார் யார்?

அடுத்த வாரம் மாணவன் வேறொன்று கேட்டான்: "சொல்பவர் பிழையாய்ச் சொன்னால்?" இதற்கு நூல்கள் தரும் விடை, உரை என்பது எவருடைய வாய்ச்சொல்லும் அன்று, குற்றமற்றோர் உரையே என்பது. நடைமுறையில் இது எளிதன்று. தலவரலாறு எழுதும் நாமே செவிவழிக் கதையையும் சான்றுள்ளதையும் கலந்து விடுகிறோம். 1980 முதல் 1984 வரை மாந்தையிலே தொல்பொருள் ஆய்வாளர் அகழ்ந்தபோது பாரசீக, சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. பழைய பெருந்துறைமுகம் என்பதற்கு அவை சான்று. அவற்றை வைத்து எல்லாத் தலக்கதைகளையும் மெய்ப்பித்தாயிற்று என்று எழுதுவது முறையன்று.

1990இல் இடம்பெயர்ந்து மண்டபம் முகாமுக்குப் போன குடும்பமொன்றின் மகள், பாலாவியைத் தாயின் சொல்லாலே மட்டும் அறிந்து வளர்ந்தவர். திரும்பி வந்து கரையிலே நின்றபோது தாயிடம் அவர் முதலிற் சொன்னது, "அம்மா, நீங்கள் சொன்னதைவிடச் சிறியதாக இருக்கிறதே" என்பதுதான். தாய் சொன்னார்: "அரச மரம் சொன்ன இடத்திலேதானே நிற்கிறது, பார்."