சர்க்கரை இறங்கினால் மூளை என்ன ஆகும்?

"சர்க்கரை ஏறினால்தானே டாக்டர் பயம்? குறைஞ்சா நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஏறிய சர்க்கரை வருஷக்கணக்கில் மெல்ல அரிக்கும். ரொம்ப இறங்கிய சர்க்கரையோ சில மணி நேரத்திலேயே மூளையில் கை வைத்துவிடும்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதம் அதற்கே போகிறது. குளுக்கோஸ்தான் அதன் முக்கிய உணவு. சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியும் பெரிதாகக் கிடையாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. 54-க்கும் கீழே போனால் பேச்சு குழறலாம், ஆளே மாறிப்போன மாதிரி நடந்துகொள்ளலாம். அதற்கும் கீழே இறங்கி நீண்ட நேரம் நின்றுவிட்டால் வலிப்பு, நினைவிழப்பு.

அப்போது எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' என்ற முறையில் படம் எடுப்பார்கள். பட்டினியால் வீங்கிய செல்களில் தண்ணீர் தாராளமாக நகர முடியாது. அந்த இடங்கள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் மூளையின் மேற்பட்டையான கார்டெக்ஸின் பின்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும், ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸும்தான் அடிபடும். ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்படும்போது அடிக்கடி மாட்டிக்கொள்ளும் தலாமஸ் இதில் பொதுவாகத் தப்பிவிடும். காரணத்தைப் பிரித்தறிய டாக்டர்களுக்கு அது ஒரு துப்பு. சி.டி. ஸ்கேனில் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

வெள்ளை தெரிந்தாலே எல்லாம் போச்சா? இல்லை. உள்ளே நரம்பு இழைகள் ஓடும் பகுதியில் மட்டும் சின்னதாகத் தெரிந்தால், குளுக்கோஸ் ஏற்றியபின் நோயாளி எழுந்து நடமாடுவதும் உண்டு, படமும் தெளிவதுண்டு. கார்டெக்ஸ் முழுக்கப் பரவியிருந்தால் மீள்வது சிரமம்.

இன்னொரு விஷயம். சர்க்கரை இறங்கும்போது ஒரு பக்கக் கை கால் விழுந்து, அசல் பக்கவாதம் போலவே தோன்றலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். க்ளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, ஏற்றிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிடும். "தாத்தாதான் கண் விழிச்சுட்டாரே, வீட்டுக்குப் போகலாமா?" என்று அவசரப்படாமல், டாக்டர் சொல்லும்வரை அங்கேயே இருக்க விடுங்கள்.