மழைக்காலக் குஞ்சுகளுக்கு ஈசல் கொழுப்பு

ஜவ்வாது மலைக் கிராமங்களில் நாட்டுக்கோழிக்கென்று தீவனம் விலைக்கு வாங்குவோர் குறைவு. சாமைக் குருணையும் தவிடும் இறைத்துவிட்டால், மீதியைக் கோழியே மேய்ந்து தேடிக்கொள்கிறது. வளர்ந்த கோழிக்கு இது ஒருவாறு போதும். மழைக்காலத்தில் பொரித்து வரும் குஞ்சுக்குப் போதாது. நனைந்த குஞ்சு, தின்ற தீனியில் பெரும்பகுதியை உடல் சூட்டைக் காக்கவே செலவழித்துவிடுகிறது. பத்துக் குஞ்சுகளோடு இறங்கிய தாய்க்கோழியின் பின்னால் ஒரு மாதம் கழித்து நான்கைந்து மட்டுமே ஓடுவதற்கு நோய், பருந்து, கீரி ஆகியவற்றோடு எரிசக்திப் பற்றாக்குறையும் ஒரு காரணமாகும்.

எரிசக்தியை மிகுதியாகத் தருவது கொழுப்பே. ஒரு கிராம் மாவுப்பொருள் சுமார் 4 கிலோ கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். மக்காச்சோளத்தில் கொழுப்பு 4 சதவிகித அளவிலேயே உள்ளது. மேய்ச்சல் கோழிக்குச் செலவின்றிக் கிடைக்கும் கொழுப்பு பூச்சிகளில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பூச்சியிலும் அது ஒரே அளவில் இல்லை. பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் திணித்து, நீர் தெளித்துக் கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே. அவ்வாறு கிடைக்கும் வேலைக்காரக் கரையான் நல்ல புரத உணவு. கொழுப்பு அதில் குறைவு. அதே புற்றிலிருந்து மழைக்குப் பின் புறப்படும் ஈசலோ கொழுப்புப் பொதி. புதுப் புற்று தொடங்கும் இணை, முதல் குஞ்சுகள் வேலைக்கு வரும்வரை வெளியே இரை தேடுவதில்லை; உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே காலம் தள்ளுகிறது. ஆகவேதான் உலர்ந்த ஈசலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில இனங்களில் அதற்கு மேலும், கொழுப்பாக உள்ளது. 400 கிராம் கொழுப்பு ஏறத்தாழ ஒரு கிலோ மக்காச்சோளத்தின் எரிசக்திக்கு ஈடாகும். குஞ்சு குளிரில் நலியும் பருவமும் ஈசல் கிடைக்கும் பருவமும் ஒன்றாக அமைந்திருப்பது நல்வாய்ப்பு.

மழை ஓய்ந்த மாலையில் விளக்கின் கீழ் அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்தால் ஈசல் வந்து விழும். வடித்தெடுத்து, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறியதும் முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். மனிதருக்கு வறுப்பது போலத்தான். உப்பும் காரமும் மட்டும் கூடாது. பொடித்து, ஒரு கிலோ தீனிக்கு 50 கிராம் கலந்து கொடுக்கலாம். 100 கிராமுக்கு மேல் வேண்டாம். எரிசக்தி மிகுந்தால் குஞ்சு தீனியைக் குறைத்துக்கொள்ளும். அப்போது புரதமும் தாதுப்பொருள்களும் போதாமல் போகும்.

கவனிக்க வேண்டியது சேமிப்பு. கொழுப்புள்ள பொருள் காற்றும் வெயிலும் பட்டால் காறிவிடும். காறிய கொழுப்பு வைட்டமின் ஈ சத்தை அழிக்கிறது. அச்சத்து குறைந்த குஞ்சு தலையைத் திருகிக்கொண்டு, தள்ளாடிப் பக்கவாட்டில் விழும். மூளை பாதிக்கப்பட்டதன் அறிகுறி இது. காறல் வாடை வீசும் ஈசலை எருக்குழியில் போடுவதே சரி. வீணாகிறதே என்று கோழிக்குப் போடக் கூடாது. வறுத்ததை மூடியுள்ள டப்பாவில் நிழலில் வைத்து, மூன்று நான்கு வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்து ஊற்றிய இடத்து ஈசலும் கரையானும் அறவே ஆகாது.

ஈசல் இல்லாத மாதங்களுக்குப் பட்டுக் கூட்டுப்புழு உதவும். அருகிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பட்டு நூற்கும் இடங்களில் நூல் எடுத்தபின் இது கழிவாக மிஞ்சுகிறது. உலர்ந்த புழுவில் கொழுப்பு 25 முதல் 30 சதவிகிதம் வரை உண்டு. புரதம் அதைவிட அதிகம். இதன் கொழுப்பு ஈசலினும் விரைவில் காறக்கூடியது. நூற்ற அன்றே வாங்கி, அன்றே உலர்த்தத் தொடங்க முடிந்தால் மட்டும் வாங்குவது நல்லது. முட்டையிலும் இறைச்சியிலும் வாடை ஏறுவதாகத் தெரிந்தால், விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடலாம்.

வெளிநாடுகளில் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களைத் தொழிற்சாலைகளில் வளர்த்து, கொழுப்பைத் தனியே பிழிந்து எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது. பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு அந்த இயந்திரம் வேண்டியதில்லை. விளக்கும் பாத்திரமும் போதும். குஞ்சுகளுக்கு முதல் நான்கு வாரம் இரவில் நனையாத கூடையும் வேண்டும். ஈரத்தில் கிடக்கும் குஞ்சுக்கு எவ்வளவு ஈசல் போட்டாலும் அது சூட்டுக்கே செலவாகும்.