மாத்தளைக் கல்லில் சிப்பி தேடாதீர்கள்

நம்பிக்கை: மாத்தளைச் சுண்ணாம்புக் கல் கடல் ஓடுகளால் ஆனது, உடைத்தால் உயிர்ச்சுவடு கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. பாடசாலைக் கண்காட்சிக்குக் கல் பொறுக்கும் பிள்ளைகளும், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் பெரியவர்களும் அந்த நம்பிக்கையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக் கல்லில் ஒரு பச்சை வட்டப் புள்ளி தெரிந்தால் போதும், ஓடு கட்டும் ஒற்றைக் கல உயிரான ‘ஃபோராமினிஃபெரா’ என்று பெயர் சூட்டி, மலைநாட்டை மூடிய கடலின் ஆழம்வரை கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்தக் கல் மாபிள். கடலடியில் சுண்ணாம்புச் சேறாகப் படிந்தது என்பதில் தவறில்லை. ஆனால் அது படிந்த காலத்தில் ஓடு கட்டும் ஃபோராமினிஃபெரா உலகிலேயே இல்லை. பிறகு, ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, அது பூமியின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்து, முழுவதும் மறுபடி பளிங்காகியது. ஃபோராமினிஃபெராவின் மிகப் பழைய சுவடுகளே சுமார் 54 கோடி ஆண்டுகள்தான் பழையவை.

அப்படியென்றால் அந்தப் பச்சைப் புள்ளி? கைவில்லையை எடுத்துப் பாருங்கள். போஸ்டரைட் என்ற கனிமம் சிதைந்து சேர்பன்டைன் ஆன மணி அது. பக்கத்தில் மின்னும் பொன்னிறச் செதில் புளோகோபைட் மைக்கா. பெரும்பாலான ஃபோராமினிஃபெரா ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும்; இந்த மணியில் ஒரு தடுப்பும் இல்லை.

உயிர்ச்சுவடு வேண்டுமா? யாழ்ப்பாணத்துக்குப் போங்கள். அங்கே உள்ளது மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல். இலங்கையின் மயோசீன் பாறைகளை வேலண்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1923இலேயே விவரித்துவிட்டார்கள். யாழ்ப்பாணக் கல்லில் காணப்படும் ‘தபெரினா மலபாரிக்கா’ என்ற ஃபோராமினிஃபெரா கேரளத்துக் கொல்லம் சுண்ணாம்புக் கல்லிலும் உண்டு. இதன் உறவினங்கள் இன்றும் கடற்புல் வளரும் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்கின்றன. உடலுக்குள் பாசியை வைத்துப் பிழைப்பதால் அவற்றுக்கு வெயில் எட்ட வேண்டும். அன்றைய யாழ்ப்பாணக் கடல் ஒளி புகுந்த ஆழமற்ற கடல் என்பதற்கு அது ஒரு சான்று.

நம்பிக்கை: தேசிக்காய்ச் சாறு விட்டு நுரைத்தால் அது சிப்பிக் கல்.

உண்மை: நுரைப்பது காபனேற்று. அது சிப்பியிலும் உண்டு, உயிர்ச்சுவடே இல்லாத மாபிளிலும் உண்டு.

நம்பிக்கை: ஃபோராமினிஃபெரா ஒரு குட்டி நத்தை.

உண்மை: ஒற்றைக் கல உயிர். 1826இல் இயற்கையியலாளர் தோர்பிஞ்ஞி அதைக் கணவாய் இனத்தோடு சேர்த்தார். 1835இல் இன்னோர் இயற்கையியலாளர் துஜார்தான் அதைத் திருத்திவிட்டார்.

நம்பிக்கை: ஓர் ஓடு கிடைத்தால் பழைய கடலின் ஆழம் தெரிந்துவிடும்.

உண்மை: அலை ஓட்டை எங்கும் இழுத்துச் செல்லும். கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, எந்த இனங்கள் எந்த அளவில் சேர்ந்திருக்கின்றன, உடைந்தவை எத்தனை, முழுசானவை எத்தனை என்று நுணுக்குக்காட்டியில் எண்ணிய பிறகே பேச வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்தளை மாபிளையும் யாழ்ப்பாணக் கல்லையும் ஒரே மேசையில் வைத்து, பிள்ளைகள் கையில் ஒரு கைவில்லையைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: கல் அகழ்ந்து கைவிட்ட குழிகளைக் குப்பையால் நிரப்பாதீர்கள். பழைய கடலின் பதிவு அந்தக் குழிச் சுவர்களில்தான் இருக்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீரும் அதே கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான் வருகிறது.