இலையுதிர் காலத்துக்கு வீட்டைத் தயார் செய்ய: இரவுக் குளிரைப் பார்த்து ஒவ்வொன்றாக

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இலையுதிர் காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது செப்ரெம்பரில் தொடங்கி நவம்பர் முதல் வாரங்கள் வரை நீளும் வேலை. பலர் அத்தனையையும் நன்றி நவிலல் விடுமுறைக்கு ஒத்திவைத்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறார்கள். அந்த விடுமுறை ஒக்ரோபரின் இரண்டாவது திங்களில் வருகிறது. அதற்குள் சில வேலைகளுக்குக் காலம் கடந்துவிடும், சிலவற்றுக்கு நேரமே வந்திருக்காது. வெளியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி அதற்கு முன்பே குளிரில் அடிபட்டிருக்கும். கூரைப் பீலியை அன்று வழித்தால் அடுத்த காற்றில் மேப்பிள் இலை மறுபடி நிரப்பிவிடும்.

ஆகவே நாட்காட்டியை ஒரு பக்கம் வையுங்கள். கைபேசியில் வானிலை பார்க்கும்போது இரவில் எவ்வளவு இறங்கும் என்ற எண்ணைக் கவனியுங்கள். அது 15, 10, 5, 0 பாகை என்று இறங்க இறங்க, எந்த வேலைக்கு இப்போது முறை என்பது தெரிந்துவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் அது வராது. ஒன்ராறியோ ஏரி கோடைச் சூட்டை மெதுவாகத்தான் விடுகிறது. அதனால் கரையோர வீடுகளுக்கு உறைபனி பிந்தி வரும், மார்க்கம், பிரம்டன் பக்கம் முந்தி வரும்.

இரவு 15 பாகை: வாசலும் ஃபர்னஸும்

வாசல் அலங்காரத்தைச் செவ்வந்தியில் தொடங்குங்கள். செப்ரெம்பரில் நாற்றுமேடைகளிலும் மளிகைக் கடை வாசல்களிலும் தொட்டி தொட்டியாக அடுக்கியிருப்பார்கள். முழுதும் பூத்துக் குலுங்கும் தொட்டிதான் கண்ணை இழுக்கும், ஆனால் அதை எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மொட்டில் மட்டும் நிறம் எட்டிப்பார்க்கும் தொட்டியே பல வாரம் நிற்கும். சிறிய தொட்டியில் வேர் நெருங்கி வளர்ந்திருப்பதால் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வெயில் நாட்களில் தினமும் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள், பூவின் மேல் வேண்டாம். லேசான உறைபனியைச் செவ்வந்தி தாங்கும்.

பூசணியில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: பெரியதை விடுங்கள், சமைக்கும் சிறிய வகையை வாங்குங்கள். முகம் செதுக்குவதற்கென்றே வளர்க்கப்படும் பெரிய பூசணியின் சதை தண்ணீராகவும் நாராகவும் இருக்கும், கறிக்கு உதவாது. சிறியதோ வாசற்படியில் அழகாக இருந்துவிட்டு, பிறகு தேங்காய்ப்பால் விட்ட கறியாகிவிடும். காம்பு முழுதாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அது ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். துடைத்து உலர்த்தி, சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகைத் துண்டின் மேல் வையுங்கள். சமைக்க நினைப்பதற்கு வர்ணம் பூசாதீர்கள். பிள்ளைகள் ஹலோவீனுக்குச் செதுக்க ஆசைப்பட்டால் அதற்கென ஒன்றைத் தனியாக வாங்கி, ஒக்ரோபர் 31க்கு இரண்டு மூன்று நாள் முன்னர் மட்டும் கத்தி வையுங்கள். செதுக்கிய பூசணி ஒரு வாரம் தாங்குவதே பெரிது. அணில்களும் சும்மா விடாது.

இதே நாட்களில் ஃபர்னஸின் ஃபில்டரை மாற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கோடை முழுதும் படிந்த தூசி எரிவதால் முதலில் ஒரு கருகல் வாடை வரும், அது சற்று நேரத்தில் போய்விடும். போகாவிட்டால் நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். எரிவாயு வாடை அடித்தால் எல்லோரும் உடனே வீட்டை விட்டு வெளியேறி, வெளியில் நின்றுதான் தொலைபேசி எடுக்க வேண்டும். முதல் குளிர் அலை வந்த பிறகு தொழில்நுட்பர் கிடைப்பது கடினம். இந்தச் சோதனையை இப்போதே செய்யச் சொல்வது அதனால்தான்.

இரவு 10 பாகை: கறிவேப்பிலை உள்ளே

நம்மவர் வீடுகளில் இந்தப் பருவத்தில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கறிவேப்பிலை, மல்லிகை, துளசி மூன்றும் வெப்ப நாட்டுச் செடிகள். இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் அவை உள்ளே இருந்தாக வேண்டும். ஆனால் கொளுத்தும் வெயிலில் நின்ற செடியை ஒரே நாளில் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால் இலை முழுதும் கொட்டும். இரவு 12, 13 என்று வரும்போதே தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, ஒரு வாரம் அங்கே பழகவிடுங்கள்.

உள்ளே எடுக்கும் முன் வெளிச்சத்தில் வைத்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டியும் தண்டிலும் பழுப்பு நிறத்தில், தட்டையாக, நீள்வட்டமாகச் சிறு புடைப்புகள் இருந்தால் அவை தண்டின் பகுதி அல்ல, செதிள் பூச்சி. நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். கீழ் இலைகள் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுவதும் அதன் அடையாளம். மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பிங் அல்கஹோலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் சில துளி சவர்க்காரம் கலந்து இலையின் இரு பக்கமும் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஒரு வாரம் கழித்து இதையே மறுபடி செய்யுங்கள். முதல் தடவை தப்பிய குஞ்சுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்யாமல் உள்ளே எடுத்தால் பூச்சியைத் தின்னும் வண்டுகள் இல்லாத சூடான அறையில் அது மற்றச் செடிகளுக்கும் பரவும்.

தெற்குப் பார்த்த யன்னலோரம் நல்ல இடம். தரையில் ஃபர்னஸ் காற்று வரும் துவாரத்துக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். விரலை மண்ணில் முதல் கணு வரை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மார்ச் வரை பசளையும் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். டிசம்பரில் இலை மஞ்சளித்து உதிர்ந்தால் செடி போய்விட்டதென்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும்.

இலை நிறம் மாறும் வாரங்கள்: வீட்டின் உள்ளே

பகல் நல்ல வெயில், இரவு உறையாத குளிர் என்று சில நாள் தொடர்ந்தால் மேப்பிளின் சிவப்பு ஆழமாக வரும். பச்சையம் சிதையச் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்போ அந்த நாட்களில் இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. வீட்டு அலங்காரத்துக்கு இதைவிட நல்லது கடையில் இல்லை. பிளாஸ்ரிக் மாலைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

காலைப் பனி உலர்ந்த பிறகு, அப்போதுதான் விழுந்த வளையும் இலைகளைப் பொறுக்குங்கள். சருகானது வேண்டாம். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றி, இலைகளை அதில் அமிழ்த்துங்கள். மேலே இன்னொரு தட்டை வைத்தால் மிதக்காது. மூன்று நான்கு நாளில் எடுத்துத் துடைத்தால் தோல் போல வளையும், உடையாது. சிவப்பு சற்றுக் கருக்கும், மஞ்சள் அப்படியே நிற்கும். நூலில் கோத்துக் கதவு நிலையில் கட்டலாம்.

நவராத்திரியும் இந்த வாரங்களை ஒட்டித்தான் வருகிறது. கும்பமோ கொலுவோ வைக்கும் வீட்டில் படிகளின் ஓரத்தில் இந்த இலைகளையும் சிறு பூசணிகளையும் செவ்வந்தியையும் வைத்தால், இந்த மண்ணில் விளைந்ததும் பூசையில் சேர்ந்துவிடும். தீபாவளிக்கு வாசலில் விளக்கு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூணில் கட்டிய காய்ந்த சோளத்தட்டைக்கும் கதவில் தொங்கும் மலர்வளையத்துக்கும் எண்ணெய் விளக்குக்கும் இடையே குறைந்தது ஒரு மீற்றர் இடைவெளி வேண்டும். பூசணிக்குள் மெழுகுவர்த்தியே வேண்டாம், பற்றரி விளக்கு போதும்.

இரவு 5 பாகை: காற்றுக் கசிவு

வெளியே காற்றடிக்கும் ஒரு நாளில் யன்னல்களை மூடி, திரைச்சீலைகளை ஒதுக்கி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் பரவாயில்லை. சட்டென்று அறைப் பக்கம் சாய்ந்தால் அங்கே காற்று புகுகிறது, ஒரு துண்டு ரேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். திறந்து மூடும் பாகங்களுக்கு ஃபோம் பட்டி, அசையாத இடுக்குகளுக்குக் கோல்க். வெளிப்பக்கம் பூசும் கோல்க் பெரும்பாலும் 5 பாகைக்கு மேல், உலர்ந்த பரப்பில்தான் பிடிக்கும். பகலே குளிர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பு வசந்தம் வரை இல்லை. மின்விசிறியில் திசை மாற்றும் ஆளி இருந்தால் கீழிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும்படி மாற்றி, மெதுவான வேகத்தில் விடுங்கள். கூரையடியில் தேங்கும் சூடு கீழே வரும். வாசலில் உள்ள பூசணிகளை இரவில் கராஜுக்குள் எடுத்துவிடுங்கள், உறைந்து உருகிய பூசணி கூழாகிவிடும்.

இரவு 0 பாகை: வெளிக் குழாய், பீலி

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். வெளிக் குழாயில் ஹோஸ் மாட்டியபடியே இருந்தால் தண்ணீர் உள்ளே தங்கி, சுவருக்குள் பைப் வெடிக்கும். அது தெரியவருவது வசந்தத்தில், பேஸ்மென்ட் நனையும்போதுதான். முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் பைப்பில் ஒரு வால்வு இருக்கும், அதை மூடுங்கள். வெளியே போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுங்கள். மீண்டும் உள்ளே வந்தால் பெரும்பாலான வீடுகளில் வால்வின் பக்கத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். அதன் கீழே கோப்பையைப் பிடித்துத் திருகினால் மீதித் தண்ணீர் வடியும். மூடியைத் திரும்பப் பூட்டுங்கள், வெளிக் குழாய் குளிர்காலம் முழுதும் திறந்தே இருக்கட்டும்.

பீலி வேலை, மரங்கள் பெரும்பாலும் மொட்டையான பிறகு. தனியாக ஏணியில் ஏறாதீர்கள், அடியில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கையுறை போட்டு இலையை வாளியில் அள்ளி, கடைசியில் ஹோஸ் தண்ணீர் விட்டுக் குழாய் வழியே இறங்குகிறதா என்று பாருங்கள். உறைபனி முந்திக்கொண்டால் வெளிக் குழாயை மூடுவதே முதல் வேலை, பீலியைக் கையால் வழித்தாலே போதும். வடியும் தண்ணீர் அத்திவாரத்திலிருந்து விலகிப் போகும்படி கீழ்க் குழாயை நீட்டிவிடுங்கள்.

முற்றத்து இலைகளை ரொறன்ரோ மாநகரம் கடதாசிப் பைகளில் எடுக்கும், பிளாஸ்ரிக் பையில் எடுக்காது. எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கவும் வேண்டாம். பூஞ்செடிகளின் அடியில் ஒரு கை உயரத்துக்கு விட்டுவையுங்கள், வேருக்குப் போர்வை. உள்ளி நடுவதும் ஒக்ரோபரில்தான்: பல்லின் கூர்முனை மேலே, 5 சென்ரிமீற்றர் ஆழம். ஆடி வாக்கில் கிண்டலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னே திருப்பும்போது புகை அலாரங்களையும் பாருங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் அவை இருக்க வேண்டும். எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரமும் கட்டாயம். பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்த்து, பற்றரியை மாற்றி, பின்பக்கத்தில் அச்சிட்ட திகதியைப் படியுங்கள். புகை அலாரம் 10 ஆண்டு கடந்திருந்தால் சத்தம் வந்தாலும் புதிது வாங்குங்கள்.